கையில் இருப்பது ஒரே ஒரு மாதம்: பொலிஸ் தடுப்பில் அடிபட்ட மகனுக்காக முதலில் எங்கே போவது?

தென்மராட்சியிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"என்ர மகனுக்கு 23 வயது. வெல்டிங் கடையில் வேலை. இந்த மாதம் 4ஆம் திகதி பின்னேரம் வேலை முடிஞ்சு வரேக்க சந்தியில் வைச்சுப் பொலிஸார் ஜீப்பில் ஏத்திக்கொண்டு போனவை. மோட்டார் சைக்கிள் களவு என்று சொன்னவையாம். நாங்கள் போய்க் கேட்க 'அப்பிடி ஒருத்தர் இங்க இல்லை' என்றுதான் சொன்னவை. 6ஆம் திகதி பின்னேரம்தான் நீதவானிடம் கொண்டுபோனவை. பிணை கிடைச்சது. கையைப் பின்னால கட்டித் தூக்கிவிட்டு அடிச்சதாக மகன் சொல்றான். வலது கை தோளுக்கு மேல எழும்புதில்லை. ஒரு காது சரியாகக் கேட்குதில்லை. சிங்களத்தில் எழுதின ஒரு கடதாசியில் கையெழுத்தும் வாங்கியிருக்கினம். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பவும் பிடிப்பினம் என்ற பயத்தில வீட்டில எண்ணெய் பூசி உருவிக்கொண்டிருக்கிறம். ஒவ்வொரு ஞாயிறும் அதே பொலிஸ் நிலையத்தில கையெழுத்து வைக்கோணும் என்று பிணை நிபந்தனை. போகப் பயப்பிடுறான். அயலில ஜெனீவாவுக்கு எழுதச் சொல்லுகினம். மூத்த மகளோ, 'உலகம் முழுக்க சனத்தைக் கொல்லுறாங்கள், மனித உரிமை எல்லாம் வெறும் கடதாசி' என்று சொல்றாள். நான் என்ன செய்ய? 23ஆம் திகதி எழுதுகிறேன்."

அன்புள்ள அம்மா,

ஜெனீவாவைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் நாட்காட்டியை எடுத்து அடுத்த மாதம் 3ஆம் திகதியைச் சுற்றி வட்டமிடுங்கள். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். மகனைப் பிடித்த நாள் ஒரு மீறல், அடித்த நாள் இன்னொரு மீறல், நேரத்துக்கு நீதவானிடம் கொண்டுபோகாதது மூன்றாவது மீறல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கு ஓடும். நீங்கள் முதல் நாளான 4ஆம் திகதியிலிருந்தே எண்ணுங்கள். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது 26 அல்லது 27ஆம் திகதி ஆகியிருக்கும். மீதம் ஒரு வாரம்தான். வடக்கிலிருந்து போகவேண்டிய நல்ல வழக்குகள் பலவும் சாட்சி இல்லாமல் தோற்பதில்லை, திகதி கடந்துதான் தோற்கின்றன. தவணை முடியட்டும், காயம் ஆறட்டும், பெரியவர்கள் யாராவது பேசிப் பார்க்கட்டும் என்று இருந்தவர்களுக்கு அந்த மாதம் திரும்பக் கிடைக்காது.

தாமதிக்காமல் செய்யவேண்டியது வைத்தியசாலைக்குப் போவது. எண்ணெய் பூசி உருவுவதை உடனே நிறுத்துங்கள். கையைப் பின்னால் கட்டித் தூக்கினால் உடலின் முழுப் பாரமும் தோள் மூட்டில் இறங்கும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுப் போயிருக்கலாம். கை எழும்பாததற்குக் காரணம் அதுவாக இருந்தால், பரியாரி உருவுவது நன்மையை விடக் கேட்டையே செய்யும். நரம்புச் சேதம் பல வாரங்கள் கழித்தும் பரிசோதனையில் தெரியும். தொடுகை உணர்வு குறைந்த இடங்கள், தோள்பட்டை எலும்பு வெளியே துருத்துவது, தசை மெலிவது எல்லாவற்றையும் வைத்தியர் அளந்து எழுதலாம், நரம்பு மின்கடத்தல் சோதனையும் செய்யலாம். கன்றிய காயங்கள் பொதுவாக இரண்டு கிழமைக்குள் மறைந்துவிடும், ஆகவே முதுகில் ஒன்றும் தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். காதில் அறை விழுந்து செவிப்பறை சிறிதாகக் கிழிந்திருந்தால் இதற்குள் ஆறியிருக்கக் கூடும், ஆனால் கேட்கும் திறன் குறைந்திருப்பது கேள்திறன் சோதனையில் பதிவாகும். மணிக்கட்டில் கயிறோ விலங்கோ அழுத்திய தழும்பு இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், காயங்களை நீதிமன்றத்துக்காகப் பரிசோதித்து எழுதும் சட்ட வைத்திய அதிகாரியின் பிரிவு அங்கே இருக்கிறது. முதலில் பார்க்கும் வைத்தியரிடம் மகன் தன் வாயாலேயே "பொலிஸார் அடித்தது" என்று சொல்லவேண்டும். அவர் எழுதும் அந்த முதல் வரிக்கு நீதிமன்றத்தில் பிறகு பெரிய பெறுமதி உண்டு. பயத்தில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். வைத்தியசாலையில் இருக்கும் பொலிஸ் காவலரணுக்கு அறிவிப்பார்கள். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் அந்த வழியாகத்தான் வரும், அது வழமையான நடைமுறை, பதற்றப்படவேண்டாம். பரிசோதனை நடக்கும்போது பொலிஸார் யாரும் அறைக்குள் நிற்கக்கூடாது என்று மகன் கேட்கலாம், கேட்கவேண்டும். நித்திரை இல்லை, சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது என்பவற்றையும் சொல்லட்டும். மனநல வைத்தியரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

சித்திரவதைக் காயங்களை எப்படிப் பரிசோதித்து எழுதுவது என்பதற்கு ஐக்கிய நாடுகளின் கையேடு ஒன்று இருக்கிறது. இஸ்தான்புல் நெறிமுறை என்பது அதன் பெயர். 1999இல் தயாரிக்கப்பட்டது, 2022இல் திருத்தப்பட்டது. நோயாளி சொல்வதும் காயமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை "பொருந்தவில்லை" என்பதில் தொடங்கி "வேறெதனாலும் வந்திருக்க முடியாது" என்பது வரை படிப்படியாகத் தரம் பிரித்து எழுதவேண்டும் என்று அது சொல்கிறது. சட்ட வைத்திய அதிகாரியிடம் "அந்த முறையில் எழுதித் தாருங்கள் ஐயா" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. முழு அறிக்கை உங்கள் கைக்கு வராது, நீதிமன்றமோ மனித உரிமைகள் ஆணைக்குழுவோ கேட்டால் அங்கே போகும். உங்களுக்குக் கிடைப்பது நோய் நிர்ணய அட்டை. அதைப் பத்திரப்படுத்திப் பிரதியும் எடுத்து வையுங்கள்.

படங்களை நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். முதலில் உடலின் எந்த இடம் என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, பிறகு தழும்புக்குப் பக்கத்தில் அடிமட்டமோ நாணயமோ வைத்து ஒன்று. எடுத்த தொலைபேசியிலேயே மூலப் படம் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் பற்றிய தகவலும் போய்விடும். வேறொருவரிடம் ஒரு பிரதி இருக்கவேண்டுமானால் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். மகன் நடந்ததைச் சொல்லும்போது ஒரு தடவை ஒளிப்பதிவும் செய்து வையுங்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில் பொலிஸ் தடுப்பில் இருந்து பின்னர் இறந்துபோன இளைஞர், தனக்கு நடந்ததைத் தானே பேசிய காணொளி வெளியே வந்தபின்தான் நாடு அந்தச் சம்பவத்தைத் திரும்பிப் பார்த்தது.

அன்றிரவே மகனை ஒரு கொப்பியும் பேனையுமாக உட்காரவையுங்கள். அவரே எழுதவேண்டும், நீங்களோ அக்காவோ சொல்லிக் கொடுக்கக்கூடாது. எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில், ஜீப்பின் இலக்கத்தில் நினைவிருக்கும் பகுதி, எத்தனை பேர், யார் சீருடையில், யார் சிவில் உடையில், என்ன காரணம் சொன்னார்கள், எந்த அறை, அறையில் என்ன இருந்தது, எதனால் அடித்தார்கள், எவ்வளவு நேரம், என்ன கேட்டார்கள், சாப்பாடு தந்தார்களா, வேறு யார் அடைபட்டிருந்தார்கள். நினைவில்லாததை "நினைவில்லை" என்றே எழுதட்டும். இரண்டு பேர் அடித்திருந்தால் ஐந்து பேர் என்று கூட்ட வேண்டாம். ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் முறைப்பாடு, வைத்தியரிடம் சொன்னது, உயர் நீதிமன்றத்துக்கு உறுதியுரைத்து எழுதிக் கொடுக்கும் சத்தியக் கடதாசி மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் எதிர்த்தரப்பு வாசிக்கும். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாவிட்டால் உண்மையான அடியும் பொய்யாகிவிடும்.

நீங்கள் நிலையத்துக்குப் போய்க் கேட்டீர்களே, அது மிகப் பெரிய சாட்சி. எத்தனை மணி, யார் வாசலில் நின்றார், என்ன சொன்னார், உங்களோடு யார் வந்தார் என்று நீங்கள் தனியாக எழுதுங்கள். அன்றைக்கு நீங்கள் எடுத்த தொலைபேசி அழைப்புகளின் பட்டியலைத் திரையோடு படமெடுத்து வையுங்கள். சந்தியில் கடைக் கமரா இருந்தால் இன்றைக்கே கடைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலான கருவிகள் சில நாட்களிலோ சில கிழமைகளிலோ பழைய பதிவின் மேல் புதியதைப் பதிந்துவிடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கைது நேரம்தான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸில் வைத்திருக்க முடியாது. உங்கள் மகன் ஏறக்குறைய இரண்டு நாள் இருந்திருக்கிறார். ஆனால் பொலிஸார் வழக்குப் பற்றி நீதவானிடம் கொடுத்த பி அறிக்கையில் 5ஆம் திகதி பின்னேரம் கைது செய்ததாக எழுதப்பட்டிருக்கக் கூடும். 24 மணிக்குள் அடக்குவதற்காக இப்படி எழுதுவது புதிய விடயம் அல்ல. ஆகவே உங்கள் சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, பி அறிக்கை உட்பட வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். அதில் கையொப்பமிட்ட அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்கும், உயர் நீதிமன்ற மனுவில் யாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது என்ற கேள்விக்கும் அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். நிலையத்தின் தடுப்புப் பதிவைக் கேட்டு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம், ஆனால் அதன் விடைக்காக மனுவைத் தாமதிக்க வேண்டாம்.

அடுத்தது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. அவசர அழைப்பு இலக்கம் 1996, ஆணைக்குழுவை அமைத்த சட்டம் வந்த ஆண்டும் அதுவே. தமிழில் எழுதலாம், பணம் கட்டத் தேவையில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. மகனால் வரமுடியாவிட்டால் அவர் சார்பில் நீங்களே கொடுக்கலாம். இரண்டு பிரதிகளோடு போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் முறைப்பாட்டு இலக்கமும் வாங்குங்கள்.

ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு நிவாரணம் இருக்கிறது. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. இதை நம்பி வீட்டில் இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். முறைப்பாடு கொடுத்த ரசீதை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் விசாரணை ஆரம்பித்ததாக ஆணைக்குழுவிடம் எழுத்தில் கடிதம் கேளுங்கள். அதற்கும் மேலாக, 13ஆம் பிரிவை மழைக்குக் குடை போலக் கைவசம் வைத்துக்கொண்டு, மனுவை மாதத்துக்குள்ளேயே போடுங்கள். ஆணைக்குழு பரிந்துரை செய்யும், தண்டனை கொடுக்காது. ஆனால் பொலிஸ் நிலையத்துக்குள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்கும் அதிகாரம் அதற்கு உண்டு. மகனை மறுபடியும் பிடித்தால் நீங்கள் முதலில் அழைக்கவேண்டியது அந்த 1996ஐத்தான்.

இப்போது உயர் நீதிமன்றம். கொழும்பு புதுக்கடையில்தான் தாக்கல் செய்யவேண்டும். ஆணைக்குழுவில் நீங்கள் முறையிடலாம், ஆனால் இங்கே மனுதாரர் மகன்தான், அவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோதான் மனுச் செய்யமுடியும். கையெழுத்துக்கு மகனை ஆயத்தமாக வைத்திருங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடும் வருமானச் சான்றோடும் போங்கள், அடிப்படை உரிமை மனுக்களையும் அவர்கள் எடுப்பார்கள்.

மனுவோடு மகனின் சத்தியக் கடதாசி இணைக்கப்படவேண்டும். நடைமுறையில் இவை ஆங்கிலத்திலேயே தாக்கலாகின்றன. மகனுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், "தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, விளங்கிக்கொண்டு ஒப்பமிட்டேன்" என்ற வரி சத்தியக் கடதாசியில் கட்டாயம் இருக்கவேண்டும். உண்மையிலேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சின்ன இடத்தில் பலர் வழுக்கி விழுவதுண்டு: இந்துவானால் "உறுதியுரைக்கிறேன்", கிறிஸ்தவரானால் "சத்தியம் செய்கிறேன்". தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் சமாதான நீதவான் ஒப்பமிடும் இடத்தில் இன்னொன்றும் இருந்தால் எதிர்த்தரப்பு சத்தியக் கடதாசியையே தள்ளுபடி செய்யக் கேட்கும். தமிழ் ஆவணங்களுக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்கவேண்டாம், உங்கள் சார்பில் தோன்றச் சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் பதிலாள் பத்திரமானாலும் நிரப்பியபின் வாசித்து ஒப்பமிடுங்கள்.

எந்த உரிமைகள் என்று மனுவில் குறிப்பிடவேண்டும். சித்திரவதைக்கு 11ஆம் உறுப்புரை. சட்டம் சொல்லும் முறைக்கு மாறான கைதுக்கு 13(1), நீதவானிடம் பிந்திக் கொண்டுபோனதற்கு 13(2), சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு 12(1). சிங்களக் கடதாசியில் வாங்கிய கையெழுத்தை மறந்துவிடாதீர்கள். வடக்குக் கிழக்கில் பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்படவேண்டும் என்கிறது 22ஆம் உறுப்புரை. மொழி உரிமை மீறலுக்கும் இதே 126இன் கீழ் இதே மனுவிலேயே பரிகாரம் கேட்கலாம். அந்தக் கடதாசி குற்ற ஒப்புதலாக இருந்தாலும் இப்போதைக்கு மகன் கலங்கத் தேவையில்லை. சாதாரண சட்டத்தில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில்தான் நிலைமை வேறு.

மனுப் போட்டதும் விசாரணை தொடங்கிவிடாது. முதலில் இரண்டு பேருக்குக் குறையாத நீதியரசர்கள் அதை மேலே கொண்டுபோக அனுமதி கொடுக்கவேண்டும். அந்தக் கட்டத்தில் வைத்தியச் சான்று கையில் இருந்தால் பாதி தூரம் கடந்ததுபோல. பிறகு வருடங்கள் ஆகும், இதை உங்களிடம் மறைக்கக்கூடாது. 2011இல் தாக்கலான சித்திரவதை மனு ஒன்றுக்கு 2023 டிசம்பர் 14ஆம் திகதிதான் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பில் சித்திரவதைக்குப் பொறுப்பாளியாகக் காணப்பட்டவர்களில் ஒருவர் அன்றைக்கு நாட்டின் பதில் பொலிஸ் மா அதிபர். நட்டஈட்டைத் தங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கும்படி நீதிமன்றம் அவருக்கும் ஏனையோருக்கும் கட்டளையிட்டது.

மாதம் தவறிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை, ஆனால் பாதை கரடுமுரடாகும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சித்திரவதை ஒரு குற்றம், மேல் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் 7 முதல் 10 வருடம் வரை சிறை. ஆனால் வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபர், உங்கள் கையில் இல்லை. நட்டஈட்டுக்காக மாவட்ட நீதிமன்றத்தில் 2 வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், அங்கே நடப்பது ஒழுக்காற்று விசாரணை மட்டுமே.

"முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் களவு வழக்கை முடித்துவிடுகிறோம்" என்று யாராவது வீட்டுக்கு வருவார்கள். வந்தவர், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள். எதிலும் ஒப்பமிட வேண்டாம். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம், அந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பும் கேட்கலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2002இல் வேறொருவர் என்று தவறாக நினைத்துப் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான ஜெரால்ட் பெரேரா, உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2004 நவம்பரில், மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சில நாட்கள் இருக்கையில் சுடப்பட்டு இறந்தார். ஆகவே மகன் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி ஜெனீவா. நம் ஊரில் ஜெனீவா என்றால் மனித உரிமைகள் பேரவைதான் நினைவுக்கு வரும். அது 47 நாடுகள் உட்கார்ந்து தீர்மானம் எடுக்கும் சபை, தனி ஒருவரின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. தனியாள் முறைப்பாட்டை எடுப்பது வேறு அமைப்பு. 18 நிபுணர்கள் கொண்ட மனித உரிமைகள் குழு என்று ஒன்று அங்கே இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. தனியாட்கள் அந்தக் குழுவிடம் முறையிட வழிவிடும் விருப்புரிமை நெறிமுறையை 1997 ஒக்ரோபரில் ஏற்றது. ஆனால் உள்நாட்டில் உள்ள பரிகாரங்களை முதலில் தேடி முடித்திருக்கவேண்டும், அல்லது அவை நியாயமற்ற அளவுக்கு இழுபட்டிருக்கவேண்டும். புதுக்கடைக்குப் போகாமல் நேரே ஜெனீவாவுக்கு எழுதினால் "ஏன் உங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குப் போகவில்லை" என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள். அதனால்தான் அந்த ஒரு மாதத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன், அதைத் தவறவிட்டவருக்கு ஜெனீவாவின் வாசலும் ஒடுங்கிப்போகும். உள்நாட்டில் முடிந்த பின் 5 வருடம் வரை காலம் உண்டு. கட்டணம் இல்லை. பெயர் சொல்லாமல் முறையிட முடியாது. சித்திரவதைக்கு எதிரான குழுவிடம் போகவும் 2016 முதல் வழியுண்டு, ஆனால் ஒரே விடயத்தை இரண்டு குழுவுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடாது.

அங்கே வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் எழுதப்படாத, தனக்குத் தெரியாத மொழியில் இருந்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவுக்குச் சாதகமாக 2004 ஜூலையில் மனித உரிமைகள் குழு முடிவு சொன்னது. 2006 செப்டெம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், அந்த நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், அந்த முடிவுக்கு இங்கே சட்ட வலு இல்லை என்று சொல்லிவிட்டது. சர்வதேசச் சட்டத்தில் இலங்கையின் கடப்பாடு அதனால் ஒழிந்துவிடவில்லை, ஆனால் சிறைக் கதவு திறக்கவில்லை. இன்னொரு வழி மட்டும் உள்நாட்டு நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதது: மகனை மறுபடி பிடித்து எங்கே என்று சொல்லாவிட்டால், சித்திரவதை பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளருக்கும் பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டோர் பற்றிய செயற்குழுவுக்கும் அன்றைக்கே அவசர முறையீடு அனுப்பலாம். அவர்கள் அரசாங்கத்திடம் நேரே கேட்பார்கள்.

மூத்த மகளுக்கும் ஒரு பதில் சொல்லவேண்டும். அவர் கண்முன் நடப்பதைப் பார்த்துத்தான் பேசுகிறார், அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். 1948 டிசம்பர் 10ஆம் திகதி பாரிஸில் உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்துக்கு 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, ஒரு நாடும் எதிர்க்கவில்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினராகவே இல்லை, 1955இல்தான் சேர்ந்தது. அந்த 30 உறுப்புரைகளும் பிரகடனம், தண்டிக்கும் சட்டம் அல்ல. அந்த அளவில் மகள் சொல்வது சரி. 2017இல் மியன்மாரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் பங்களாதேசுக்கு ஓடியபோது அந்தக் கடதாசி அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஆனால் பிரகடனத்தின் 5ஆம் உறுப்புரையைப் படித்துவிட்டு எங்கள் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையைப் படிக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய அதே வசனம்: எந்த ஆளையும் சித்திரவதைக்கோ கொடூரமான, மனிதத் தன்மையற்ற, இழிவான நடத்தைக்கோ தண்டனைக்கோ உட்படுத்தலாகாது. பேச்சுரிமையையும் ஒன்றுகூடும் உரிமையையும் தேசியப் பாதுகாப்பு, அவசரகாலம் என்று சொல்லி அரசு சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். 11ஐ மட்டுப்படுத்த முடியாது. அதை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். உங்கள் மகன் கேட்கப்போவது தர்மம் அல்ல, இந்த நாட்டின் அதியுயர் சட்டம் அவருக்கு ஏற்கனவே கொடுத்திருப்பது.

சாட் நாட்டில் ஹிசேன் ஹப்ரேயின் ஆட்சி 1990இல் விழுந்தது. அவருடைய சிறையில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்த சுலைமான் கெங்கெங் என்ற கணக்காளர், வெளியே வந்ததும் தப்பியவர்களையும் விதவைகளையும் தேடிப் போய் 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். கேட்பதற்கு நீதிமன்றமே இல்லாத அந்தக் காலத்தில் அவற்றைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். 2016 மே 30ஆம் திகதி செனகல் தலைநகர் டாக்காரில் ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிரியாவில் சிறைபட்டுத் தப்பியவர்கள் ஜேர்மனியில் கொப்லென்ஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதால், அந்தச் சிறையில் விசாரணைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அதிகாரி ஒருவருக்கு 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை வந்தது. இரண்டு இடத்திலும் வழக்கு நின்றது நாள், இடம், பெயர், காயம் எல்லாம் பதிவான சாட்சியங்களின் மேலும் கடதாசிகளின் மேலும்தான். மகளுக்கு எழுத்து நன்றாக வரும் போலத் தெரிகிறது. ஆவணங்களைத் திகதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து. பயத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட வேண்டாம். தவறினால் பிணையை ரத்துச் செய்து பிடியாணை கேட்பார்கள், அடித்தவர்கள் கைக்கே பிள்ளை போய்ச் சேர்வான். அடுத்த தவணை வரை காத்திருக்காமல் வழக்கை முன்கூட்டியே எடுக்கக் கேட்கும் நகர்த்தல் பத்திரம் ஒன்றைப் போடும்படி உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அதில் இரண்டு விடயங்களைக் கேட்கலாம்: கையெழுத்தை வேறு பொலிஸ் நிலையத்துக்கோ நீதிமன்றப் பதிவாளரிடமோ மாற்றுவது, மகனைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டி அறிக்கை பெற நீதவான் கட்டளையிடுவது. அந்தக் கட்டளை வரும் வரைக்கும் காலையிலேயே, கூட்டம் இருக்கும் நேரத்தில், வயதில் மூத்த இரண்டு பேரோடு போகட்டும். அவர்கள் வாசலில் நிற்கட்டும், உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் கொப்பியில் குறிக்கட்டும். வைத்தியசாலைக்கு மட்டும் அந்தக் கட்டளை வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நாளைக் காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள்.